கடைசிக் கம்பத்துப் பறவை

பிப்ரவரி 11

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன். ரயில் பெட்டியில் என் பையை வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவனுக்கு அது ஒன்றுதான் குறைச்சல். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் சிரித்து மழுப்பப் போகிறாய். கடிதம் என்றால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது. உட்கார்ந்து முழுசாகப் படி.

அத்தனை பேர் நிற்கும் பிளாட்பாரத்தில் "இனிமே நீ ஸ்டியரிங்கைத் தொடாதே" என்று நான் கத்தியிருக்கக் கூடாது. கத்தியதுதான் தப்பு, சொன்னது தப்பில்லை. உனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. அப்பாவுக்குப் போன மாதிரியே போய்க்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை நீயே ஒவ்வொன்றாக நினைத்துப் பார். முதலில் கார். பறவைகள் சரணாலயத்துக்குத் திரும்பும் முனையில் இடது பக்கச் சந்திலிருந்து ஒரு சைக்கிள்காரன் முளைத்தானே, நான் "டேய்!" என்று கத்தியிருக்காவிட்டால் அவன் இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியில் கிடப்பானோ. நீயோ, "என்னக்கா, காது கிழியுது" என்றாய்.

அடுத்தது அந்தப் பலகைப் பாலம். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட சின்னப் பெண் ஒருத்தி ஓடி வந்து நம் மேல் மோதி நாணலுக்குள் விழுந்தாள். நீதான் குதித்துத் தூக்கினாய், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விழும்வரை நீ ஏன் பார்க்கவில்லை? கண்ணைப் பறிக்கிற மஞ்சள்! அவள் அம்மா நம்மைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் பஸ்ஸிலிருந்து இறங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த உயரம்தான் இருப்பார்கள் என்று தோன்றியது.

அதனால்தான் பறவை பார்க்கும் மரக்குடிலில் உன்னைச் சோதித்துப் பார்த்தேன். வாடகைக்கு எடுத்த தொலைநோக்கியில் முதல் ஆளாக நான் பார்த்தேன் அல்லவா? தண்ணீருக்குள் நிற்கும் அந்தப் பழைய படகுத்துறைக் கம்பங்களை, அவை தண்ணீரைத் தொடும் இடத்தை ஒட்டியே, முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீரில் நீர்க்காகம் ஒன்று, கொக்கு இரண்டு. கடைசிக் கம்பம் காலி. தொலைநோக்கியை அந்தக் காலிக் கம்பத்திலேயே நிறுத்திவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். "கடைசிக் கம்பத்து மேல உட்கார்ந்திருக்கு பாரு, தெரியுதா?" என்றேன். நீ குனிந்தாய். பார்த்தாய். "ஆமாக்கா, ரொம்ப அழகா இருக்கு" என்றாய். அதோடு விட்டாயா, செல்போனைத் தொலைநோக்கியில் வைத்து ஒரு போட்டோ வேறு எடுத்தாய். இல்லாத பறவையைப் போட்டோ எடுத்த ஆள் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான்.

அப்பாவும் இப்படித்தான். தெரியாததைத் தெரிகிறது என்பார். நாம் எதைக் காட்டினாலும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்பார்.

எனக்குக் கழுகு என்று பேர் வைத்தவன் நீதான். மில்லில் துணி சோதிக்கும் என் விளக்கு மேஜை மேல் நாள் முழுக்கத் துணி ஓடுகிறது. நூல் விட்ட இடமோ எண்ணெய்க் கறையோ என் கண்ணுக்குத் தப்பாது. புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர் மட்டும் கறை இருக்கிறதென்று இரண்டு தடவை துணியைத் திருப்பி அனுப்பினார். மேஜை விளக்கில் இடது பக்கக் குழல் ஒன்று மங்கிக் கிடக்கிறது. அதை மாற்றச் சொன்னால் என்னைக் குறை சொல்கிறார். அது கிடக்கட்டும்.

கண் டாக்டரிடம் போ. அதுவரை பஸ்ஸை எடுக்காதே. உன் வீட்டுக்காரியிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

(பார், நான் எழுதிவிட்டேன். எனக்கு ரோஷம் கம்மி.)

உன் கடிதத்தை என் வீட்டுக்காரிதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என் முகத்துக்கு நேராக விரலைக் காட்டி "இது எத்தனை?" என்று கேட்டாள். சரியாகச் சொன்னேன். "அப்ப அண்ணி ஏன் இப்படி எழுதியிருக்காங்க?" என்று அன்று முழுக்க நச்சரிப்பு. ரொம்ப நன்றி.

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. பஸ்ஸும் ஓடுகிறது, பிள்ளைகளும் காது கிழியப் பாடிக்கொண்டுதான் வருகிறார்கள். நீ பயப்படாதே.

உன் கடிதம் வந்தபிறகு அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஒன்றிரண்டு கேட்க வேண்டும். தொலைநோக்கியில் நீ எந்தக் கண்ணை வைத்துப் பார்ப்பாய்? சும்மாதான் கேட்கிறேன். அந்தச் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிய துணியில் கறை எந்தப் பக்கம் இருந்தது? நீ கடைசியாகக் கண் டாக்டரிடம் போனது எப்போது?

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்டேஷனில் கொஞ்சம் இருந்தது. இப்போது இல்லை.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை எல்லாம் என்னிடம் வேண்டாம். உன் கண்ணைப் பற்றிக் கேட்டால் என் கண்ணைப் பற்றித் திருப்பிக் கேட்கிறாய். இடது கண்ணால்தான் பார்ப்பேன், போதுமா? சின்ன வயதிலிருந்தே எனக்கு வலது கண்ணைத்தான் தனியாக மூட வரும். கண் டாக்டரிடம் நான் ஏன் போக வேண்டும்? அப்பாவை அழைத்துக்கொண்டு போனதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

உனக்கு அதெல்லாம் தெரியாது. நீ அப்போது வெளியூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாய். அப்பா டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினார். நான் பார்த்தேன். "கை நடுங்குதும்மா" என்றார். கை நடுங்கவே இல்லை. தெருவில் யார் மேலேயாவது இடித்துவிட்டு அவர்களையே திட்டுவார். ஒரு நாள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்துக்குள் கையை விட்டார். அதற்கு அப்புறம்தான் டாக்டர். "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டபோது அப்பா என்னைத் தேடித் திரும்பினார். நான் நின்றது அவருக்கு மறுபக்கம். அவர் சிரித்தது காலி நாற்காலியைப் பார்த்து.

அந்தச் சிரிப்பைத்தான் அன்றைக்குக் குடிலில் உன் முகத்தில் பார்த்தேன்.

ராத்திரி கண்ணை மூடினால் உன் பஸ் வருகிறது. கதவு திறக்கிறது, மஞ்சள் கோட்டுப் போட்ட பிள்ளை இறங்குகிறது, நீ கண்ணாடியில் பார்க்கிறாய், உனக்கு ஒன்றும் தெரியவில்லை. வியர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்கிறேன். நேற்று அப்படி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனதில் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேன். போன வாரமும் அதே தோள்தான். எல்லாம் உன்னால்.

மில்லில் விளக்கு மேஜை வேலையிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளைக்கு மடிப்புப் பிரிவில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். தற்காலிகம்தானாம். தூக்கம் இல்லாதவளுக்குக் கறை எப்படித் தெரியும்?

கடைசியாகச் சொல்கிறேன். மாத முடிவுக்குள் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் எனக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் உன் பள்ளிக்கூடத்துக்கு எழுதுவேன். நீ என் முகத்திலேயே முழிக்காமல் போனாலும் பரவாயில்லை. யாரோ ஒரு தாய் வராத பிள்ளைக்காக வாசலில் நின்றுகொண்டே இருக்கும்படி ஆகக் கூடாது.

அக்கா


மார்ச் 5

அக்கா,

எழுதியே விட்டாய்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் உன் கையெழுத்து. வாசல் பக்கத்திலிருந்து பார்த்தபோதே அடையாளம் தெரிந்துவிட்டது, அவ்வளவு நல்ல கண் எனக்கு. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "உங்க அக்கா பொய் சொல்றவங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் என்ன சொல்வேன்? "இல்லைங்க" என்றேன். சாவியை மேஜையில் வைக்கச் சொன்னார்.

சாயங்காலம் வேறு ஒருத்தர் என் சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸை எடுத்தார். நான் காவலாளி அறைக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு "டிரைவர் அங்கிள், நீங்க வரலையா?" என்று கத்தினார்கள். அந்த நிமிஷம் உன்னை நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழுச் சோதனை. கண்ணில் காற்று அடித்து அழுத்தம் பார்த்தார்கள். இருட்டு அறையில் ஒரு இயந்திரத்தில் தாடையை வைத்து, சின்ன வெளிச்சம் எங்கே தெரிந்தாலும் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. காகிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நேற்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றும் சொல்கிறேன். அப்பா போனதிலிருந்து வருஷா வருஷம் நான் இந்தச் சோதனைக்குப் போகிறேன். அப்பாவுக்கு வந்தது கண் அழுத்த நோய், அது பிள்ளைகளுக்கும் வரலாம் என்று என் டாக்டர் முதல் தடவையே சொன்னார். உன்னிடம் சொல்லவில்லை. கண் என்ற பேச்சை எடுத்தாலே நீ எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாய். இரண்டு தடவை முயற்சி பண்ணினேன். இரண்டு தடவையும் பாத்திரம் கழுவும் சத்தம்தான் வந்தது.

இந்தக் கடிதத்தில் இன்னொன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். கோபத்தில் எழுதினால் உன்னைப் பழிவாங்க எழுதிய மாதிரி ஆகிவிடும். கோபம் ஆறட்டும்.

லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் இங்கே வாயேன்.

தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நகலை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை பக்கத்து வீட்டு நர்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "உங்க தம்பிக்கு ஒண்ணும் இல்லை, நிம்மதியா இருங்க" என்றாள். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போன உயிர் திரும்பி வந்தது.

உன் பஸ் பிள்ளைகள் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன். தலைமை ஆசிரியைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உன் வீட்டுக்காரி என்னை வீட்டுக்குள் விடுவாளா?

ஆனாலும் ஒன்று நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. உன் கண் இவ்வளவு நன்றாக இருக்கிறதென்றால், அன்றைக்கு ஏன் அந்தப் பொய்? கடைசிக் கம்பத்தில் ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன். நீ எதற்கு "அழகா இருக்கு" என்றாய்? என்னைச் சந்தோஷப்படுத்தவா? அந்த ஒரு பொய்யால் ஒரு மாசம் நான் செத்துப் பிழைத்தேன்.

லீவு கிடைப்பது கஷ்டம். மடிப்புப் பிரிவிலும் இடது பக்க விளிம்பு சேரவில்லை என்று ஏதோ சொல்கிறார்கள்.

அந்த இருட்டு அறை இயந்திரம் வலிக்குமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

வலிக்காது.

போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். பெரிதாகப் பிரதி எடுக்கச் சொன்னேன். இதைப் பார்ப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள். பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள், அந்த நர்ஸ் இருந்தால் நல்லது.

நான் பொய் சொல்லவில்லை அக்கா. கடைசிக் கம்பத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. நீ தொலைநோக்கியை நிறுத்திவிட்டு நகர்ந்த அதே நிமிஷம்தான் நான் குனிந்தேன். அது அப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று நானும் முட்டி மோதிப் பார்த்துவிட்டேன். இல்லை. நீ கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர் தன் பைனாகுலரில் அதைப் பார்த்து, "இவ்வளவு நேரமா அசையாம உட்கார்ந்திருக்கு பாருங்க" என்று என்னிடம் சொன்னார். நீயும் அதைத்தான் எனக்குக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். நீ இல்லாததைக் காட்டியதாக எழுதிய உன் முதல் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. அந்தச் சைக்கிள்காரனை நான் சந்து முனையிலேயே பார்த்துப் பிரேக் போட்டுவிட்டேன். கார் நின்ற பிறகுதான் நீ கத்தினாய். பாலத்தில் அந்தச் சின்னப் பெண் என் பக்கம் வரவில்லை, உன் இடது பக்கமாக வந்தாள். உன் முழங்கை பட்டுத்தான் விழுந்தாள். நீ வேண்டுமென்றே வழி விடவில்லை என்று நான்கூட மனசுக்குள் உன்னைத் திட்டினேன். கதவு நிலை, மேஜையில் மங்கிப்போன குழல், துணி விளிம்பு எல்லாமே ஒரே பக்கம். நீயே உன் கையால் எனக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாய். படிக்கப் படிக்க எனக்குப் பஸ்ஸை ஓட்ட முடியவில்லை. சாவியைப் பிடுங்கியபோது உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று பயம். சொல்லாத ஒவ்வொரு நாளும் உன் கண்ணில் கொஞ்சம் போகிறதே என்று அதைவிடப் பெரிய பயம். என் டாக்டரிடம் கேட்டேன். போனது திரும்பி வராதாம். ஆனால் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாமாம். அப்பா ரொம்பத் தாமதமாகப் போனார். நீ அப்படிப் போகக் கூடாது.

நான் சொல்வதை நம்ப மாட்டாய், எனக்குத் தெரியும். போட்டோவை நல்ல வெளிச்சத்தில் வை. வலது கண்ணை மூடு. தொலைநோக்கியில் பார்த்த மாதிரியே, கம்பம் தண்ணீரைத் தொடும் இடத்தையே பார். மேலே பார்க்காதே. அப்போது பறவை தெரிகிறதா என்று எனக்கு எழுது.

தெரிந்தால் நான் முட்டாள். நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பி,

கடிதத்தைப் படித்துவிட்டுப் போட்டோவைக் கவருக்குள்ளேயே வைத்துவிட்டேன். உன் மேல் அப்படிக் கோபம் வந்தது. கவரை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். யாருக்குத் தெரியாமல் ஒளிக்கிறேன், நான் இருப்பதே தனியாகத்தானே என்று அப்புறம் சிரிப்பு வந்தது.

இன்றைக்கு எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கவரை எடுத்துக்கொண்டு பழைய மேஜைக்குப் போனேன். விளக்கைப் போட்டேன். மங்கிய குழல் என்று நான் சண்டை போட்டேனே, அதை எப்போதோ மாற்றிவிட்டார்களாம். பக்கத்து மேஜைப் பெண் காலையில்தான் சொன்னாள்.

முதலில் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மீன்கொத்தி இருந்தது. நீ சொன்ன மாதிரி ரொம்ப அழகுதான், கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் வலது கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தின் அடியைப் பார்த்தேன்.

கம்பம் இருந்தது. தண்ணீர் இருந்தது. பறவை இல்லை.

கருப்பாக ஓட்டை மாதிரி ஏதாவது தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படித் தெரிந்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பேனே. அந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு. கண்ணை மேலே உயர்த்தினேன், பறவை வந்தது. மறுபடி அடியைப் பார்த்தேன், போய்விட்டது. இப்படி எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றிருக்கிறார். "என்னம்மா ஆச்சு?" என்றபோது தூக்கிவாரிப் போட்டது. அவர் நின்றது என் இடது பக்கம்.

நான் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பிய துணியெல்லாம் ஞாபகம் வருகிறது. அந்த மஞ்சள் கோட்டுப் பிள்ளை ஞாபகம் வருகிறது. அவளை இடித்தது நான்தான் என்று அவள் அம்மாவிடம் போய் யார் சொல்வது? நான் அவளைத் தூக்கக்கூடக் குனியவில்லையே.

எனக்குப் பயமாக இருக்கிறதுடா. உனக்காகப் பட்ட பயத்தையாவது யார் மேலேயாவது கத்தித் தீர்த்துக்கொள்ள முடிந்தது. இதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பா என்னைப் பார்க்காமல் உட்கார்ந்து சிரித்த அந்த நாற்காலியில் நான் தனியாகப் போய் உட்கார மாட்டேன்.

சனிக்கிழமை வா. பஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு வா. அந்த இருட்டு அறைக்கு என்னை அழைத்துக்கொண்டு போ. ரயில் வேண்டாம், காரிலேயே வா, நீயே ஓட்டு. வாசலில் நின்றுகொண்டிருப்பேன். வண்டியை நிறுத்திவிட்டு என் வலது பக்கமாக வந்து நில்.

வழியில் நான் கத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதே. நீ பாட்டுக்கு ஓட்டு.

அக்கா